ஒன்றேமுக்கால் அங்குலம்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு உலகம் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். செருப்பு, ஷூ, பேண்ட்டின் மடிப்பு, யாரோ துப்பிவிட்டுப் போன பாக்கு. தும்கூர் ரோட்டை ஒட்டிய ஒரு டிரான்ஸ்போர்ட் ஷெட்டில் பதினோரு வருடம் நான் உலகத்தை அப்படித்தான் பார்த்தேன். பிரேக் பார்ப்பது என் வேலை. வந்து நிற்பது யார் என்று காலை வைத்தே சொல்லிவிடுவேன். அதிலும் அவன் கால்களை எனக்கு நன்றாகவே தெரியும். நிற்கும்போது இடது ஷூவின் முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.

அவன் என் கூட்டாளி. ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவன் வீடு. ஒரே ஷெட், ஒரே வேலை. காலையில் தெருமுனையில் ஸ்கூட்டர் ஹாரனை இரண்டு தடவை அடிப்பான். நான் டிபன் கேரியரோடு ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொள்வேன். என் டப்பாவில் இருப்பதில் பாதி அவனுக்கு, அவனுடையதில் பாதி எனக்கு. "அவருதான் உனக்கு மொத சம்சாரம், நானு ரெண்டாவதுதான்" என்று என் மனைவி கேலி செய்வாள். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது புரிய வேண்டுமானால் காற்று பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரியின் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் மூடிபோட்ட தூக்குச்சட்டி அளவில் ஒரு சேம்பர் இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் காற்று அதற்குள் போய் ஒரு கம்பியை வெளியே தள்ளும். அதற்குப் புஷ் ராடு என்று பேர். அந்த ராடு ஒரு இரும்புக் கையைத் திருப்ப, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள்ளே இருக்கும் பிரேக் ஷூ இரண்டும் விரிந்து உரசி, வண்டி நிற்கும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய, ராடு இன்னும் கொஞ்சம் தூரம் வெளியே வர வேண்டியிருக்கும். ஒரு எல்லைக்கு மேல் அதனால் வர முடியாது. அப்போது டிரைவர் மிதியின் மேல் ஏறி நின்றாலும் வண்டிக்குப் பிரேக் இல்லை. இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

டிரம்மைக் கழற்றாமல் உள்ளே லைனிங் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் வண்டிகளில் பார்க்க முடியாது. தினமும் கழற்றிக்கொண்டிருந்தால் ஷெட்டில் ஒரு வண்டியும் கிளம்பாது. அதனால்தான் ராடை அளப்போம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டாங்கில் காற்றழுத்தம் ஆறு கிலோ ஏறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் அடியில் போவேன். ராடு சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். மேலே கேபினில் இருப்பவன் பிரேக்கைத் தரை தொட மிதித்துப் பிடிக்க வேண்டும். சேம்பரிலிருந்து கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. முதலில் அந்த இரும்புக் கையின் திருகை முடுக்கி டைட் வைத்துப் பார்ப்போம், அதிலும் சரிவராவிட்டால் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி லைனிங் மாற்ற வேண்டும். அரை நாள் போய்விடும்.

மேலே மிதிப்பவன் அவன்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் கோடு போட்டுவிட்டு "அமுக்கு" என்று கத்துவேன். அவன் மிதித்துக்கொண்டு "ஃபுல்!" என்பான். அந்த வார்த்தை வந்தால்தான் நான் ஸ்கேலை வைப்பேன். அளந்தபிறகு "விடு" என்பேன். ஒரு சக்கரத்துக்கு ஒரு தடவை, பின்னால் ஜோடிச் சக்கரத்துக்கு ஒரே சேம்பர் என்பதால் பத்துச் சக்கர வண்டிக்கு ஆறு சேம்பர், ஆறு ஃபுல். பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் ஃபுல் கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட எழுந்துபோய் அவன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? சொல்பவன் அவன்.

அந்த ஷெட்டில் சேலத்துக்கு டைல்ஸ் ஏற்றிப்போகும் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். குடும்பம் நீலசந்திராவில். சாவியைத் திருப்புமுன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைத் தேடுவார்.

"போலாமா?" என்பார்.

"போலாம்ணா" என்பேன்.

அதைக் கேட்காமல் அவர் கிளம்பியதில்லை. நான் டீ குடிக்கப் போயிருந்தால்கூட வரும்வரை காத்திருப்பார். மற்ற டிரைவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள், ஜோசியக்காரனைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பான் என்று. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்குகிறவருக்கு என் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. நானும் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்ட கார்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். கார்டில் பின் இடது சக்கரம் ஒன்றேமுக்கால் அங்குலம். என் கையெழுத்து. "போலாம்ணா."

மறுநாள் தொப்பூர் இறக்கத்தில் அவருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு கார். எதன் மேலும் மோதாமல் அவர் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் ஏற்றினார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேபின் நசுங்கி அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

செய்தி வந்ததும் கார்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு தைரியம். நான் அடியில் படுத்தேன், கோடு போட்டேன், அளந்தேன். வேறு ஏதாவது குழாய் வெடித்திருக்கும், வால்வு போயிருக்கும் என்று நினைத்தேன். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். "அதான் மச்சான், வால்வாதான் இருக்கும்" என்றான். அன்று மத்தியானம் அவன் தன் டப்பாவைத் திறக்கவேயில்லை. அதிர்ச்சி என்று நினைத்து என்னுடையதில் இருந்த முட்டையை எடுத்து அவன் மூடியில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காம் நாள் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார்கள். இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஆளோடு வந்தார். பின்பக்கத்து பிரேக் குழாய்கள், வால்வுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வெளியிலிருந்து காற்று ஏற்றி, மிதி இருந்த இடத்தை நிமிர்த்தி, அவருடைய ஆள் கேபினில் ஏறினான். அளக்க என்னையே அடியில் போகச் சொன்னார். அவரும் டார்ச்சோடு பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

பின் இடது ராடில் என் சாக்பீஸ் கோடு அழுக்குக்கு நடுவே மங்கலாக இன்னும் இருந்தது. அதன்மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்தேன். "அமுக்குங்க" என்றேன். ராடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. இரண்டரையில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அது வரவே முடியாது. ஸ்கேலைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தேன். இரண்டரைதான்.

"விடுங்க" என்றேன். காற்று வெளியேறும் சத்தம் புஸ்ஸென்று நீளமாக வந்தது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. முழுதாக மிதித்துவிட்டால் காற்று அப்படித்தான் போகும். நான் சில மாதங்களாக அதைக் கேட்டதேயில்லை. என் காதுக்கு வந்ததெல்லாம் தும்மலை அடக்கினதுபோல ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது, அதனால் கேட்கவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். காது சொன்னதை விட்டுவிட்டு அவன் வாய் சொன்னதை எழுதியிருக்கிறேன். பாதி மிதித்துவிட்டு ஃபுல் என்றிருக்கிறான். பாதிக் காற்றில் ராடு பாதி வழிதான் வரும். ஒன்றேமுக்கால்.

படுத்தபடியே தலையைத் திருப்பினேன். டயருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி ஷூ. இடது முனை வெளியே திரும்பியிருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததுபோல அந்தக் கால்கள் மெதுவாக நகர்ந்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டன.

டிரம்மைக் கழற்றினார்கள். லைனிங் ரிவெட் தெரியும்வரை தேய்ந்திருந்தது, மற்றப் பின் சக்கரங்களிலும் அதே நிலைதான். "இது ஒரு லோடில் தேய்ந்ததில்லை" என்றார் வந்தவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

மானேஜர் அறையில் நாங்கள் இருவரும் நின்றோம். கார்டு மேஜைமேல் இருந்தது. மானேஜர் தும்கூர்க்காரர். கோபம் வந்தால் கன்னடத்தில் ஆரம்பித்து எங்களுக்காகத் தமிழுக்கு வருவார்.

"ஏனிது? நீ அடில போனியா, இல்ல வெளிய நின்னு எழுதினியா?"

"போனேன் சார். அளந்தேன். மேல மிதிச்சது..." என்று சொல்லி அவன் பக்கம் திரும்பினேன். நான் காட்டிக்கொடுப்பதற்கு முன் அவனே சொல்லிவிடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த இடைவெளியை அவனுக்காகத்தான் விட்டேன்.

அவன் மானேஜரைப் பார்த்துச் சொன்னான்: "நான் மேல உக்காந்துகிட்டு இருந்தேன் சார். ஃபுல்லாதான் அமுக்கினேன். கீழ இவன் இன்னா அளந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாதிதான் மிதித்தான் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? ஒரு சத்தம். அந்த அறையில் அதை யாரிடம் காட்டுவது? அப்படியும் சொல்லிப் பார்த்தேன். சத்தத்தைக் கேட்டு வேலை பார்க்கிறாயா என்று மானேஜர் கேட்டார். கார்டை என் பக்கம் தள்ளி என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "நாளெயிந்த பரபேட" என்றார். நாளையிலிருந்து வராதே.

மறுநாள் காலை தெருமுனையில் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கைலியோடு இறங்கிப் போனேன். ஸ்கூட்டரை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏறு மச்சான். நான் மானேஜர்கிட்ட பேசறேன். ஒரு வாரம் பேஜார் பண்ணுவாரு, அப்புறம் சரியாயிடும்."

"இன்னா பேசுவே? பாதிதான் அமுக்கினேன்னு சொல்வியா?"

எஞ்சினை நிறுத்தினான். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதுகுடா" என்றான். "போன மழைக்காலத்துல டிரம் தூக்கறப்ப புடிச்சிக்கிச்சி. அதுக்கப்புறம் குனிஞ்சி ஒண்ணும் தூக்க முடியல. ரெண்டுக்கு மேலன்னு நீ சொன்னா சக்கரத்தைக் கழட்டறது யாரு? நானு. ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வரும். வெளிய தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

எங்கள் ஷெட்டில் அப்படித்தான் பிரித்திருந்தோம். அளப்பது நான், கழற்றுவது அவன். யாரும் சொல்லிப் பிரித்ததில்லை, நாங்களாகவே வைத்துக்கொண்டது. தினமும் என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டவன், பதினோரு வருடம் என் நெஞ்சு அவன் முதுகில் உரச வண்டி ஓட்டினவன், அந்த முதுகில் வலி என்று என்னிடம் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா நான் கழட்டியிருப்பேன்டா" என்றேன். "அளந்துட்டு நானே கழட்டியிருப்பேன். ஒரு வார்த்தை."

"தெரியும்" என்றான்.

தெரியுமாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். நான் செய்வேன் என்று தெரிந்தும் கேட்காமல், என் கையெழுத்தை எடுத்துத் தன் முதுகுக்கு வைத்துக்கொண்டான். அது போதாதென்று மானேஜர் முன்னால் என்னைக் கீழே தள்ளிவிட்டு, காலையில் ஹாரன் அடிக்கிறான். நல்லா இரு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணனைப் பார்க்க நீலசந்திராவுக்குப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. கால் முழுக்கக் கட்டு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவையும் மூடவில்லை. அவர் என்னை ஏச வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு அடில படுத்தியா?"

"படுத்தேன்ணா. என் புள்ளைங்க மேல சத்தியமா படுத்தேன்." அவனைப் பற்றியும் சொன்னேன். மிதி, பாதி, சத்தம், முதுகு, எல்லாம்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "மேல எவன் உக்காந்தான்னு நான் கேட்டனா? நான் உன்னத்தானே கேட்டேன், போலாமான்னு."

அவன் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன். அவன் தெரிந்து செய்தான், நான் தெரியாமல் செய்தேன். உடைந்த காலுக்கு அதில் என்ன வித்தியாசம்? கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வாசற்படியருகே வைத்துவிட்டு வந்தேன். அவருடைய கால் சேர்ந்துவிட்டது. ஆனால் கனரக வண்டி இனி ஓட்ட முடியாது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐந்து மாதம் வேலையில்லாமல் அலைந்து, பீன்யாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் சேர்ந்தேன். அங்கேயும் அடியில்தான் வேலை. ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோவில் போகிறேன். அவன் அதற்குள் வீடு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான். தெருமுனையில் எந்த ஸ்கூட்டர் இரண்டு தடவை ஹாரன் அடித்தாலும் கால் தானாக எழுந்துகொள்ளும். வெட்கக்கேடு. சேர்ந்த முதல் நாளே ஒரு இரும்புக் குழாயை வெட்டி வைத்துக்கொண்டேன். அதன் ஒரு முனையைப் பிரேக் மிதியிலும் இன்னொரு முனையை சீட்டின் அடியிலும் கொடுத்து நெருக்கிவிட்டால், மிதி தரையோடு போய் நிற்கும். நானே மேலே ஏறிக் குழாயை வைக்கிறேன், நானே இறங்கி அடியில் போகிறேன், நானே அளக்கிறேன். ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பேன் என்பதால் ஆறு சேம்பருக்கு ஆறு தடவை ஏறி இறங்க வேண்டும். முட்டி வலிக்கிறது. இந்த ஷெட்டுக்காரர்கள் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். ஒரு ஆளைக் கூப்பிட்டால் பத்து நிமிட வேலைதானே என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

சில வருடம் கழித்து, இந்த வருடம் ஒரு மத்தியானம். கட்டை கொடுத்து, காற்று ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு அடியில் படுத்து முதல் ராடில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து எழுந்துபோய்க் குழாயை வைக்க வேண்டும். டயருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. இடது முனை வெளியே திரும்பியிருந்தது.

"மச்சான், நான்தான்" என்றான். "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். பத்திரிகை குடுக்க வந்தேன்."

சாக்பீஸ் கையிலேயே இருந்தது. அவன் கேபின் கதவைத் திறந்தான். படியில் ஏறும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு முனகியது கேட்டது. சீட் கிறீச்சிட்டது.

"அமுக்கவா?"

போடா என்று சொல்லியிருக்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "அமுக்கு" என்றேன்.

"ஃபுல்!"

ராடு வந்தது. ஸ்கேலை வைத்தேன். ஒன்றரை. "விடு" என்றேன். காற்று புஸ்ஸென்று நீளமாக, முழுதாகப் போனது. சரியாக மிதித்திருந்தான். துளிகூடக் குறைக்கவில்லை.

வெளியே வந்தேன். சுவரில் சாத்தியிருந்த குழாயை எடுத்துக்கொண்டு கேபின் பக்கம் போனேன்.

"எறங்கு" என்றேன்.

இறங்கினான். நரைத்திருந்தான். நான் ஏறிக் குழாயை மிதியில் கொடுத்து நெருக்கி, இறங்கி, மறுபடி அடியில் போய் அளந்தேன். ஒன்றரை. எழுந்து வந்து கார்டையும் பேனாவையும் எடுத்தேன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதே அளவுதானேடா?"

"அதேதான்" என்றேன். இரண்டாவது தடவை அளந்ததைக் கார்டில் எழுதினேன்.